நாப்பது மில்லிமீட்டர்

கொஞ்சம் காலத் தள்ளி வெச்சுக்கறீங்களா அம்மிணி? பை வெயிட்டுங்க. பஸ்சு பிரேக் போட்டா நழுவி உங்க வெரல்மேல வந்துரும். உள்ள வேற ஒண்ணுமில்ல, கார் ஸ்பிரிங்கு நாலு இருக்குது. ஏறும்போதே கண்டக்டரு ஒரு மாதிரி பாத்தாரு. வீட்டுக்காரரு பட்டறை வெச்சிருக்காருங்களான்னு கேட்டாரு. இல்லீங்க, காரு என்னுதுன்னேன். சீட்டக் கிழிச்சுக் குடுத்துட்டு முன்னாடி போயிட்டாரு.

இதுதானுங்க எனக்கு ஆகறதில்ல. ஆறு மாசமா இதே பாடு. எங்க போனாலும் நான் சொல்றது ஒருத்தரு காதுலயும் ஏறறதில்ல.

எம்பேரு கலாமணி. பாலிடெக்னிக்ல லேப் இன்ஸ்ட்ரக்டரா இருக்கறேன், இருவத்திரண்டு வருசமாச்சு. ஸ்பிரிங்க மெஷின்ல வெச்சு அமுத்தி, எவ்வளவு பாரத்துக்கு எவ்வளவு எறங்குதுன்னு பசங்களுக்குக் காட்டறது என்ற வேலை. வருசத்துக்கு நூத்தம்பது பசங்க. இந்தக் கோயமுத்தூர்ல ஸ்பிரிங்கப் பத்தி எங்கிட்டப் படிச்சவன் இல்லாத கம்பெனி இல்லீங்க. அப்படிப்பட்டவ ஒரு கடைல போயி நின்னு, என்ற காருக்கு ஸ்பிரிங்கு வேணும்னா, கடைக்காரன் என்ற தோளுக்குப் பின்னாடி பாக்கறான். ஆம்பள எங்கன்னு.

காரு சின்னதுதானுங்க. சிவப்பு. ஒரு பல் டாக்டரு வெச்சிருந்தது, பதினோரு வருசத்து வண்டி. ஆனா இன்ஜின் பெருசு, தொட்டா எகிறும். வேலைக்கு ஸ்கூட்டர்லதான் போவேன். காரு ஞாயித்துக்கெழமைக்கு மட்டும். வடவள்ளில எங்க வீட்டுல இருந்து கணுவாய் போயி, தடாகம் வழியா ஆனைகட்டி மலை ஏறி, அங்க ஒரு டீ குடிச்சுட்டுத் திரும்பறது. நானும் எங்க வீட்டுக்காரரும். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. லைசென்சே இல்ல. நல்லசிவம்னு பேரு, தாலுக்கா ஆபீஸ்ல சர்வேயர். பக்கத்து சீட்டுல ரெண்டு கையையும் தொடைமேல வெச்சுட்டு, போட்டோவுக்கு ஒக்காந்த மாதிரி வருவாரு. ஒரு வார்த்த பேச மாட்டாரு. சுபாவமே அப்படி.

வருசா வருசம் சூலூர்ப் பக்கம் ஒரு மைதானத்துல பொம்பளைங்களுக்குன்னு ஒரு போட்டி வெப்பாங்க. ரேஸ் இல்லீங்க. கூம்பு கூம்பா நட்டு வெச்சிருப்பாங்க, அதுக்குள்ள வளைஞ்சு வளைஞ்சு ஒவ்வொருத்தரா ஓட்டணும், நேரம் பாப்பாங்க. போன வருசம் பதினாலு பேருல நான் ஏழாவது. வளைவுல வண்டி ஒரு பக்கமா சாயுது, திருப்பறதுக்குள்ள நேரம் போயிருது. வண்டிய எறக்குனா சாயறது கொறையும். அதுக்குன்னே குட்டையான ஸ்பிரிங்கு செட்டு விக்கறாங்க. பழசக் கழட்டிட்டு அத மாட்டுனா வண்டி தரையோட படிஞ்ச மாதிரி நிக்கும். எத்தன மில்லிமீட்டர் எறக்கறது, எவ்வளவு கடுசா இருக்கணும், அத மட்டும் முடிவு பண்ணணும். அவ்வளவுதானுங்க விசயம்.

மொதக் கடைல அவரையும் கூட்டிட்டுப் போனேன். அதுதான் தப்பாப் போச்சு. கடைக்காரரு நேரா அவருகிட்ட, சார் எவ்வளவு எறக்கணும்னாரு. அவரு என்னப் பாத்தாரு. நான் சொன்னேன். கடைக்காரரு நான் சொன்னதப் பூராக் கேட்டுட்டு, பதில அவருகிட்டச் சொல்றாரு. மறுபடி நான் கேக்கறேன், மறுபடி பதில் அவருக்குப் போகுது. டென்னிஸ் பாக்கற மாதிரி எங்க வீட்டுக்காரரு தலையத் திருப்பித் திருப்பி வெச்சுட்டு நிக்கறாரு. கடைசில கடைக்காரரு, மேடத்துக்கு சீட் கவர் ஏதாச்சும் பாக்கறீங்களான்னாரு. வந்துட்டேன்.

ரெண்டாவது கடைல இன்னும் மோசம். செட்டெல்லாம் எதுக்குங்க, இருக்கற ஸ்பிரிங்குலயே ஒண்ணரச் சுத்து அறுத்து எடுத்தறலாம்னு கிரைண்டரக் கைல எடுத்துட்டான். அறுத்தா ஸ்பிரிங்கு எடத்துல ஒக்காராதுப்பா, குழில எறங்குனா நழுவி வெளிய வந்துரும்னேன். எல்லாம் ஒக்காரும்க்கா, நீங்க பயப்படாதீங்கன்னான். நான் பயப்படறனாமா. 

மூணாவதுதான் இந்த டேனியலு. சிங்காநல்லூர்ல பட்டறை. இருவது வருசம் ராலி ரேஸ் வண்டிகளுக்கு மெக்கானிக்கா இருந்தவரு, தலை பூரா நரைச்ச மனுசன். அவரு மத்தவங்க மாதிரி இல்லன்னு சொன்னாங்க, போனேன். என்னைப் பாத்துத்தான் பேசுனாரு, அதச் சொல்லணும். வண்டியத் தூக்கி அடில பாத்தாரு. எந்த ரோட்டுல போவீங்க, எத்தன பேரு போவீங்கன்னு கேட்டாரு. எங்க வீட்டுக்காரரு என்னமோ சொல்ல வாயத் தொறந்தாரு. நீங்க சும்மா இருங்கன்னேன். மறுபடி அவருகிட்டப் பேச்சுப் போயிருச்சுன்னா திரும்பி வராதில்லீங்க?

டேனியலு சொன்னாரு, மேடம், இருவது மில்லிமீட்டர் எறக்குனாப் போதும், கொஞ்சம் பதமான செட்டாப் போட்டுக்கலாம். நாப்பது வேண்டாம். உங்க ஷாக் அப்சார்பரு பழசு, அத்தனை கடுசான ஸ்பிரிங்குக்கு அது தாங்காது, வண்டி குதிக்கும். நம்ம ஊரு ஸ்பீடு பிரேக்கருக்கும் ஆகாதுன்னாரு.

எனக்குச் சுருக்குன்னு வந்துச்சு. பதமான செட்டாம். பையனுக வந்து நாப்பது கேட்டா நாப்பது குடுக்கறாங்க, அங்கயே ரெண்டு வண்டி அப்படி நிக்குது. பொம்பளைன்னதும் பதமா இருவதாமா. ஆளு பேசறதுதான் மரியாதை, உள்ளுக்குள்ள அவரும் அதே ஆளுதான்னு நெனச்சுட்டேன். நான் கணக்குப் போட்டு எடுத்துட்டு வர்றேனுங்கன்னு சொல்லிட்டு வந்தேன்.

கணக்குப் போட்டேனுங்க. ஒரு வாரம். வண்டியோட எடை, நாலு சக்கரத்துக்கும் தனித்தனியா எவ்வளவு விழுகுது, வளைவுல எவ்வளவு சாயும், எல்லாம். அந்த வாரம் எங்க வீட்டுக்காரரும் அவரு பாட்டுக்கு ஒரு வேலை செஞ்சுட்டு இருந்தாரு. ஒரு டேப்பும் ஒரு பலகையும் எடுத்துட்டு, காலைல நடக்கப் போறப்ப ரோட்டுல இருக்கற ஸ்பீடு பிரேக்கரு ஒவ்வொண்ணா அளந்திருக்காரு. வீட்டுல இருந்து கணுவாய் வரைக்கும். மிச்சத்த பஸ்சுல போயி அளந்தாரு. மொத்தம் பதினேழு. எது எவ்வளவு ஒசரம், எது பெயிண்ட் அடிக்காதது, எல்லாம் அழகா பட்டா வரைபடம் மாதிரி வரைஞ்சு எங்கிட்டக் குடுத்தாரு. ஆபீஸ் தாளு, நல்ல கெட்டி. அதோட பின்பக்கத்துலதான் கணக்கு பூராப் போட்டேன்.

நாப்பதுதான் வந்துச்சு. கணக்குல தப்பே இல்லீங்க, இப்பவும் காட்டுவேன்.

டேனியலு ஒருக்கா என்னப் பாத்தாரு, ஒருக்கா அந்தத் தாளப் பாத்தாரு. அவரும் முன்பக்கத்தத் திருப்பி அந்தப் படத்தத்தான் ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தாரு. கணக்கு இந்தப் பக்கமுங்கன்னேன். சரி மேடம், உங்க வண்டின்னாரு. மாட்டிட்டாரு.

மாட்டிட்டு வெளிய எடுத்தப்ப எப்படி இருந்துச்சு தெரியுங்களா? சக்கரத்துக்கும் பாடிக்கும் நடுவுல ரெண்டு வெரல்தான் போகும். ரோட்டுல போறவன் திரும்பிப் பாக்கறான். வளைவுல ஸ்டியரிங்கத் திருப்புனா, திருப்புன எடத்துக்குப் போகுது. அப்படியே ஒட்டுது. எனக்கு அழுகையே வந்துருச்சுங்க. நாப்பத்தேழு வயசுல ஒண்ண நானே யோசிச்சு, நானே முடிவு பண்ணி, அது நான் சொன்ன மாதிரியே நடக்குதுன்னா சும்மாவா?

கொஞ்சம் தூக்கித் தூக்கிப் போடத்தான் செஞ்சுச்சு. சின்னக் கல்லு ஏறுனாலும் முதுகெலும்புல வந்து சொல்லும். எனக்கு அது பழகிருச்சு. ஸ்டியரிங்கப் புடிச்சுட்டு இருக்கறவங்களுக்கு அது தெரியாதுங்க, அடுத்து என்ன வருதுன்னு முன்னாடியே பாத்து ஒடம்பு தயாராயிருது. அவரும் ஒண்ணும் சொல்லல. அஞ்சு ஞாயித்துக்கெழமை வந்தாரு. எப்பவும் போல ஒக்காந்துட்டு வந்தாரு. கையி மட்டும் தொடைல இல்லாம சீட்டு ரெண்டு பக்கமும் ஊனிட்டு வந்தாரு. ஒடம்பத் தூக்கிப் புடிச்ச மாதிரி. ராலில பக்கத்து சீட்டுல போறவங்க அப்படித்தான் ஒக்காருவாங்க, சரி, இவருக்கும் ஆர்வம் வந்துருச்சுன்னு நெனச்சேன்.

நடுவுல போட்டியும் வந்துச்சு. ஒம்பதாவது வந்தேன். போன வருசம் ஏழு, இந்த வருசம் ஒம்பது. மைதானம் சரியில்லீங்க. ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம், உழுத காடு மாதிரி இருந்துச்சு. வண்டி ஒவ்வொரு மேட்டுலயும் குதிச்சு, சக்கரம் தரையவே தொடல. மொதப் பரிசு வாங்குன பொண்ணு கம்பெனில குடுத்த ஸ்பிரிங்கோடயே வந்து ஓட்டிட்டுப் போனா. அதிர்ஷ்டந்தான். தரை மட்டமா இருந்திருந்தா என்ற கணக்கு என்னன்னு தெரிஞ்சிருக்கும்.

இருங்க இருங்க, இனிமேதான் விசயமே.

போட்டி முடிஞ்சு அடுத்த ஞாயிறு. ஆனைகட்டி போயிட்டுத் திரும்பி வர்றோம். சாயங்காலம் நாலு மணி, நல்ல வெளிச்சம். கணுவாய் தாண்டி ஒரு ஸ்பீடு பிரேக்கரு, வெள்ளைக் கோடு இல்லாதது. நான் பாக்கல. நாப்பது அம்பது ஸ்பீடுல போயிட்டு இருந்தேன். முன்பக்கம் எகிறிக் கீழ வந்து ரோட்டுல அடிச்சுது பாருங்க, வெடி வெச்ச மாதிரி சத்தம். ஓரம் கட்டுனேன். எறங்கி ஓடிப் போயி முட்டி போட்டு அடில பாத்தேன். பம்பரு கிழிஞ்சு தொங்குது, இடது பக்கம் ஷாக் அப்சார்பர்ல இருந்து எண்ணெய் ஒழுகுது.

பம்பரத்தான் மொதல்ல பாத்தேன். பொய் சொல்லக் கூடாதில்லீங்க.

ஏனுங்க, இங்க வந்து பாருங்கன்னு கூப்பிடறேன், அவரு எறங்கல. ரெண்டு தடவ கூப்பிட்டேன். எரிச்சலாத்தான் கூப்பிட்டேன். அப்பறம் போயிக் கதவத் தொறந்தா, மனுசன் மூஞ்சி சுண்ணாம்பு மாதிரி இருக்குது. வேர்த்து ஊத்துது. "எறங்க முடியல கலா"ன்னாரு. காலு வரலைன்னாரு.

டீக்கடைல இருந்து நாலு பேரு ஓடி வந்தாங்க. வண்டி அத்தனை தாழ்வா இருக்குதுங்களா, குனிஞ்சு கையக் குடுத்தா அவரத் தூக்க முடியல. ஒருத்தரு தரைலயே ஒக்காந்து அவரு காலப் புடிச்சுத் திருப்பி, ஒருத்தரு அக்குள்ல கையக் குடுத்து, கொஞ்சங் கொஞ்சமா வெளிய எடுத்தாங்க. அவரு கத்தல. பல்லக் கடிச்சுட்டு இருந்தாரு. தூக்குனவருல ஒருத்தரு என்னப் பாத்து, ஏனுங்க, இந்த வண்டிலயா இவரக் கூட்டிட்டு வந்தீங்கன்னாரு.

ஆசுபத்திரில சட்டையத் தூக்குனா, உள்ள இடுப்புக்கு பெல்ட்டு போட்டிருக்காரு. டாக்டரு எத்தன நாளா வலின்னு கேட்டாரு. ஒரு மாசத்துக்கு மேலங்கறாரு. எனக்கு ஒண்ணும் புரியல. அந்த பெல்ட்ட நான் பாத்திருக்கறேனுங்க. துணி காயப்போட்ட எடத்துல கெடந்துச்சு, நான்தான் மடிச்சு வெச்சேன். சர்வே வேலைக்கு எதையோ கட்டறதுக்கு வெச்சிருக்காருன்னு நெனச்சேன். முதுகெலும்புல தட்டு நழுவி நரம்ப அமுத்துதாம். ஆபரேசன் வேண்டியதில்ல, ஆறு வாரம் படுக்கைல இருக்கணும்னுட்டாங்க.

அவர வார்டுல படுக்க வெச்சதுக்கப்பறம் பக்கத்துல ஸ்டூல் போட்டு ஒக்காந்தேன். எனக்குக் கோவம் கோவமா வந்துச்சு. ஏனுங்க, வலிக்குதுன்னு ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்லன்னு கேட்டேன்.

"சொன்னேன் கலா."

"எப்பச் சொன்னீங்க?"

அவரு யோசிச்சுத்தான் சொன்னாரு. கோவமே இல்ல, சர்வே நம்பர் சொல்ற மாதிரி சொன்னாரு. "மொதத் தடவை நீ ரசம் தாளிச்சுட்டு இருந்தே. ரெண்டாந் தடவை போட்டிக்கு ஃபாரம் நெப்பிட்டு இருந்தே. மூணாந் தடவை, நீ சரின்னே."

சரின்னு சொன்னது எனக்கு ஞாபகம் இருக்குதுங்க. எதுக்குச் சொன்னேன்னுதான் ஞாபகம் இல்ல.

அதுக்கப்பறம் என்ன பண்ணுனேன்னு கேளுங்க. வீட்டுக்குக் கூட்டிட்டு வந்து, லீவு போட்டேன். பக்கத்துலயே இருந்தேன். தெனமும் கேட்டேன், வண்டிய என்ன பண்ணலாம்? வித்தறலாமா? பழைய ஸ்பிரிங்கே மாட்டிறலாமா? டேனியலு சொன்ன இருவதப் போடலாமா? நீங்க சொல்றபடி செய்யறேன், நீங்க எது சொன்னாலும் சரிங்கறேன். மனுசன் வாயத் தொறக்க மாட்டேங்கறாரு. "உன்ற வண்டி, உனக்குப் புடிச்சதப் போடு." அவ்வளவுதான். நான் கேக்காதப்ப மூணு தடவ சொன்னாராமா, நான் கேக்கறப்ப முப்பது தடவ கேட்டாலும் சொல்ல மாட்டாராமா. இது என்ன நாயமுங்க? எனக்கு எப்படி இருக்கும்? சோறு ஊட்டறப்பக் கேட்டேன். எண்ணெய் தேய்க்கறப்பக் கேட்டேன். காரு சீட்டுப் படத்த வரைஞ்சு, மூணு விதமான ஸ்பிரிங்குக்கும் அவரு இடுப்புக்கு எவ்வளவு அதிர்ச்சி போகும்னுகூடக் கணக்குப் போட்டுக் காட்டுனேன். நல்லா இருக்குதுன்னாரு.

முந்தா நாளு எனக்கு அலுத்துப் போச்சு. போங்க, நான் இனிமே ஒண்ணும் கேக்கலன்னு சொல்லிட்டு, அவரு கட்டலுக்குப் பக்கத்துல தரைல ஒக்காந்துட்டேன். பேசாம. எனக்கு அது ரொம்பக் கஷ்டமுங்க, சும்மா ஒக்காந்திருக்கறது. பக்கத்து வீட்டுல மிக்சி ஓடி நின்னுச்சு. தெருவுல காய்காரரு வந்தாரு, போனாரு. ஒரு அரை மணி நேரம் இருக்கும்.

அப்பறம் அவராப் பேசுனாரு. மேல ஃபேனப் பாத்துட்டே பேசுனாரு.

"ஞாயித்துக்கெழமை போறது எனக்குப் புடிக்கும் கலா. கார் ஓட்டறப்ப மட்டும்தான் நீ பேச மாட்டே. ரோட்ட மட்டும் பாத்துட்டு இருப்பே. அப்ப உன்ற மூஞ்சி வேற மாதிரி இருக்கும். அதப் பாத்துட்டு வருவேன். வலி ஜாஸ்தின்னு சொன்னா வர வேண்டாம்னுருவே. அதான் நாலாந் தடவை சொல்லல."

இருவத்தஞ்சு வருசம் ஆச்சு எங்களுக்குக் கல்யாணமாயி. இவரு மலையப் பாத்துட்டு வர்றாருன்னுதான் நெனச்சுட்டு இருந்தேன்.

அவரு கையப் புடிச்சுட்டு ஒக்காந்திருந்தேன். அப்பறம் அவரே, டேனியலு சொன்னதப் போட்டுக்கலாம், ஷாக் அப்சார்பரும் புதுசா மாத்திரு, உனக்கும் வளைவுல சாயாதுன்னாரு. சரின்னேன். இந்தத் தடவ எதுக்குச் சரின்னேன்னு தெரிஞ்சே சொன்னேன். டேனியலுக்குப் போன் போட்டேன், அடிபட்ட வண்டிய இழுத்துட்டுப் போயி அவரு பட்டறைலதான் போட்டிருக்குது. அந்த செட்டு வர்றதுக்குப் பத்து நாளாகுமாம். அது வரைக்கும் வண்டிய நகத்தி நிறுத்தணும், பழைய ஸ்பிரிங்கக் கொண்டாங்க மேடம், மாட்டி வெக்கறேன்னாரு. ஒரு வார்த்த அதிகமாப் பேசல. அப்பவே சொன்னனேன்னு சொல்லியிருந்தாக்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும், சண்டையாச்சும் போட்டிருப்பேன். சார் எப்படி இருக்காருன்னு மட்டும் கேட்டாரு.

இப்பவும் சொல்றேனுங்க, என்ற கணக்குல தப்பு இல்ல. ஆனா அதுல ஒருத்தரு எடையத்தான் போட்டேன். ரெண்டு பேரு எடையப் போட்டிருக்கணும். எத்தனை பசங்களுக்குச் சொல்லிக் குடுத்திருப்பேன், பாரம் என்னன்னு சரியாத் தெரிஞ்சுட்டு அப்பறம் ஸ்பிரிங்கத் தேடுங்கடான்னு. ஒருத்தருகிட்டக் கேட்டுத் தெரிஞ்சுக்க எனக்குத் தோணல பாருங்க. இனி அப்படி இருக்கறதில்ல. யாரு பக்கத்துல இருந்தாலும் மொதல்ல அவங்களுக்கு என்ன வேணும்னு கேக்கறதுன்னு முடிவு பண்ணிட்டேன்.

அட, சிங்காநல்லூரே வந்துருச்சுங்களா. பேச்சுல தெரியல. நீங்க எங்க எறங்கணுமுங்க அம்மிணி?

சுங்கமா?

அது போயி கால் மணி நேரம் ஆச்சுங்களே. நடுவுல ரெண்டு தடவ எந்திரிக்கப் பாத்தீங்க, காத்துக்காகத் திரும்பி ஒக்கார்றீங்கன்னுல்ல நெனச்சேன். ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்லீங்க?